மூக்கு உயரத்தில் ஒரு கம்பெனி

நானும் என் சகலையும் ஒரு வருஷத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அக்காவைக் கட்டியவனும் தங்கையைக் கட்டியவனும் பேசாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது என்றுகூடச் சிலர் சொல்வார்கள். எங்கள் கஷ்டம் என்னவென்றால், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கண்ணாடிக் கடை நடத்தினோம். பேச்சைத்தான் நிறுத்தினோம், கடையை நிறுத்தவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆள் தூக்கக்கூடிய கண்ணாடி முகம் பார்க்கத்தான் ஆகும். அதற்கு மேல் எதுவானாலும் இரண்டு ஆள் வேண்டும். தூக்கும்போது இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். பொருத்தும்போது உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், நடுவில் கண்ணாடி. இனி இந்த ஆளின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று சபதம் எடுத்துவிட்டு, அதே முகத்தை, அதுவும் நன்றாகத் துடைத்த கண்ணாடி வழியாக, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சண்டைக்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். நான் சொல்லாவிட்டால் என் மச்சினி சொல்லிவிடுவாள், அதனால் நானே சொல்கிறேன்.

ஒரு செருப்புக் கடைக்கு வாசல் கதவு போட்டோம். முழுக் கண்ணாடி, சுற்றிச் சட்டம் கிடையாது. பொருத்தி முடித்ததும் நானே துடைத்தேன். என் துடைப்பில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நான் துடைத்தால், தான் இருக்கிறோமா இல்லையா என்று கண்ணாடிக்கே சந்தேகம் வரும். துடைத்து முடித்து, தெருவில் இறங்கி நின்று அழகு பார்த்தேன். உள்ளே இருந்து கடை முதலாளி, டீ வந்துவிட்டது என்று கை காட்டினார். நான் நேராக நடந்தேன்.

மூக்குதான் முதலில் போய்ச் சேர்ந்தது. நான் பின்னாலேயே போனேன். முதலாளி ஏதோ புறா வந்து மோதிவிட்டது என்று நினைத்தாராம். புறாவாக இருந்திருந்தால் இவ்வளவு அவமானம் இல்லை. புறா கண்ணாடி வியாபாரம் செய்வதில்லை.

சகலை சிரித்தார். நின்று சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், ரத்தத்தைப் பார்த்ததும் துணியோடு ஓடிவந்து என் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் அடுத்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். அங்கே சுற்றிலும் ஆட்களை உட்கார வைத்து அதை நடித்துக் காட்டினார். நான் கம்பீரமாக நடந்து வருவது, டீயைப் பார்த்துப் பல் இளிப்பது, மோதுவது, கண்ணாடியில் ஒட்டியபடியே மெல்ல வழுக்கி இறங்குவது. நான் வழுக்கவில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு. போட்டோவுக்கு விறைப்பாக நின்ற மாப்பிள்ளையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து சொந்தபந்தத்தில் எனக்கு ‘மூக்குக்கண்ணாடி’ என்று பெயர். அன்றிலிருந்தே சகலையோடு பேச்சு கிடையாது.

ஆரம்பத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரும்தான் தபால் இலாகா. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி எங்கே இருக்கிறது என்று சகலைக்குத் தெரிய வேண்டுமானால், கடையில் எனக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டே தன் மனைவிக்குப் போன் செய்வார். அவள் அக்காவுக்குச் செய்வாள். என் போன் அடிக்கும்.

“எட்டு மில்லி எங்கன்னு கேக்குறாரு.”

“அவரு காலுக்குப் பின்னாடின்னு சொல்லு.”

சற்று நேரம் கழித்து அவர் திரும்பிக் காலுக்குப் பின்னால் பார்ப்பார்.

ஆனால் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு போன் செய்ய முடியாதே! அதனால் தானாகவே ஒரு தட்டு பாஷை உண்டானது. விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டு என்றால், தூக்கு. இரண்டு தட்டு, நில். மூன்று தட்டு, இறக்கு. நகத்தால் கடகடவென்று தட்டினால், ‘உன் விரல் நசுங்கப் போகிறது, எடு.’ வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசிய காலத்தில் உடைத்ததைவிடப் பேசாத காலத்தில் குறைவாகத்தான் உடைத்தோம். அந்த அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு தட்டு கேட்டால் என் முழங்கால் என்னைக் கேட்காமலே நிமிரும். ஒருநாள் வீட்டில் மனைவி தம்ளரை மேசையில் டொக்கென்று வைத்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு.”

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கட்டட காண்ட்ராக்டர் ஒருவர் கடைக்கு வந்தார். புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், நாலு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி.

“உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு பேரும் வளவளன்னு பேசாம வேலை பாக்குறீங்க. இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்கா?” என்றார். நாங்கள் தரையைப் பார்த்தோம். “ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க லிமிடெட் கம்பெனிகிட்டதான் வேலை குடுப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள கம்பெனி பதிஞ்சு, அது பேர்ல பேங்க் கணக்கோட வாங்க. இல்லேன்னா பெரிய கடைக்குப் போயிரும். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது.”

எங்கள் நிலைமை அப்போது எப்படி என்றால், மீன் தொட்டியும் போட்டோ சட்டமும்தான் சோறு போட்டன. மீன் தொட்டியும் இப்போது கடையில் ரெடிமேடாக, மீனோடு வருகிறது. இந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைக்கும். போனால், இரண்டு பேரில் ஒருவர் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். மற்றவர் தனியாகத் தூக்க முடிந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே ஆடிட்டரம்மாவிடம் போனோம். சின்ன உருவம், பெரிய வட்டக் கண்ணாடி. அவர் மேசைக்கு முன்னால் நாலு நாற்காலி. இந்தக் கோடியில் நான், அடுத்து என் மனைவி, அடுத்து அவள் தங்கை, அந்தக் கோடியில் சகலை.

“யாரெல்லாம் டைரக்டர்?” என்று கேட்டார் ஆடிட்டரம்மா.

நான் என் நெஞ்சைத் தொட்டுக்காட்டிவிட்டு மனைவியிடம் சொன்னேன்: “அவரும்தான்னு சொல்லு.”

மனைவி தங்கையிடம் திரும்பினாள். “உன் வீட்டுக்காரரும்தானாம்.”

மச்சினி தன் கணவரிடம் திரும்பினாள். “நீங்களும்தானாம்.”

“சரின்னு சொல்லு,” என்றார் சகலை.

“சரியாம்,” என்றாள் மச்சினி. “சரியாம்,” என்றாள் என் மனைவி.

ஆடிட்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இவங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காதாம்மா?”

“காது நல்லாவே கேக்கும் மேடம்,” என்றாள் என் மனைவி. “வாய்தான் வராது.”

அவர் அதற்கு மேல் அதைத் தோண்டவில்லை. குடும்பத் தொழில்கள் நிறையப் பார்த்தவர் போலும். கம்பெனி என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னார்.

“இப்ப நீங்களும் கடையும் ஒண்ணு. நாளைக்கு ஒரு கண்ணாடி கழண்டு, கீழ நிக்கிற கார் மேல விழுந்துச்சுன்னு வைங்க. கார்க்காரன் கடையையும் கேப்பான், உங்க வீட்டையும் கேப்பான், இந்தம்மா கழுத்துல கிடக்குறதையும் கேப்பான்.”

என் மனைவி கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கம்பெனி பதிஞ்சிட்டா அது தனி ஆள். அது பேர்ல வாங்கலாம், விக்கலாம், அது மேல கேஸ் போடலாம். ஆனா கேஸ் போட்டவன் கம்பெனிகிட்ட இருக்குறதுக்கு மேல ஒரு ஆணிகூடப் பிடுங்க முடியாது. பங்குக்குன்னு நீங்க போட்ட காசு போனா போனதுதான். வீடு நிக்கும். அதுக்குத்தான் லிமிடெட்னு பேரு.”

“அதாவது எங்களுக்கும் கேஸ் போடுறவனுக்கும் நடுவுல ஒரு கண்ணாடி,” என்றேன்.

“கரெக்ட் சார்! பாக்கலாம், தொட முடியாது.”

அந்தக் கோடியில் சகலை தன் மனைவியிடம் மெல்ல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெல்ல, சொன்னார்: “கண்ணாடின்னு தெரியாம நடந்து வந்தா என்ன ஆகும்னு அங்க ஒருத்தருக்குத் தெரியும்னு சொல்லு.”

மச்சினி அதை அனுப்பவில்லை. நல்லவேளையாகச் சகலையின் போன் அடித்தது. எழுந்து வெளியே போனார்.

அவர் இல்லாத நேரத்தில்தான் ஆடிட்டரம்மா ஒரு எச்சரிக்கை சொன்னார். “ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. மட்டமான கண்ணாடின்னு தெரிஞ்சே போட்டு ஏமாத்தினா, அப்ப இந்தப் பாதுகாப்பு உதவாது. டைரக்டர் நேர்ல வந்து பதில் சொல்லணும்.”

“இதை அவர்கிட்ட நான் சொல்லிடுறேன் மேடம்,” என்றாள் மச்சினி. அவளும் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது.

சகலை திரும்பி வந்து உட்கார்ந்ததும் பங்குப் பேச்சு வந்தது. ஆளுக்குப் பாதி என்றோம், அதாவது எங்களுக்காக அக்காவும் தங்கையும் என்றார்கள்.

“பாதிப் பாதியில ஒரு சிக்கல் இருக்கு,” என்றார் ஆடிட்டரம்மா. “ஒருத்தர் ஆமான்னு, இன்னொருத்தர் இல்லேன்னு சொன்னா, வாசப்படியில மாட்டுன பீரோ மாதிரி கம்பெனி நின்னுரும். உள்ளயும் போகாது, வெளியயும் வராது. அதனால ஒருத்தர் சேர்மன். சமமா வந்தா அவர் பேச்சு செல்லும். யாருன்னு முதல் கூட்டத்துல நீங்களே முடிவு பண்ணணும். பேங்க் கணக்குக்கும் அங்கதான் தீர்மானம். ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும்.” எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வாயால.”

மற்றதெல்லாம் எளிதாகத்தான் நடந்தது. கையெழுத்து, போட்டோ, முகவரிச் சான்று. கடைதான் கம்பெனியின் பதிவு விலாசம் என்று எழுதினோம். கம்பெனிக்கு நாங்கள் வைத்த பெயர்களையெல்லாம் ஊரில் எவனோ முன்பே வைத்திருந்தான். கடைசியில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து ஒரு பெயர் பிடித்தார்கள். அதை இங்கே சொன்னால் விளம்பரம் என்பீர்கள், விடுங்கள். சர்ட்டிபிகேட் வந்தது. சட்டப்படி ஒரு புது ஆள் பிறந்துவிட்டார். அழவில்லை, சிரிக்கவில்லை. பேசுவதற்கு மட்டும் எங்கள் இருவர் வாயும் வேண்டுமாம்.

சேர்மன் நான்தான் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. வயதில் மூத்தவன், மூத்தவளைக் கட்டியவன், தொழிலுக்காக ரத்தம் சிந்தியவன். கடையில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஒரு மெத்தை தைக்கக் கொடுத்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

முதல் கூட்டம் கடையிலேயே நடந்தது. மாசத்தின் கடைசி நாள். அதற்கு முன்னால் ஆடிட்டரம்மாவுக்கு நேரம் இல்லை, அல்லது எங்களுக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் பேங்க் மூடுவதற்குள் தீர்மானத்தின் நகல் அங்கே போய்ச் சேர வேண்டும். காலையிலேயே வந்து பெருக்கி, துடைத்து, வாசல் கதவையும் என் கையாலேயே பளபளவென்று ஆக்கி வைத்தேன். புது மெத்தையில் நான் உட்கார்ந்தேன். எதிரே ஸ்டூலில் சகலை. பின்னால் பார்வையாளர்களாக அக்கா, தங்கை. ஆடிட்டரம்மா வரும்போது கதவைத் திறந்து ஆப்பு வைத்திருந்தோம். தெருவில் போன லாரிச் சத்தத்தில் அவர் முகம் சுளித்தார்.

“கதவைச் சாத்திருங்கம்மா. இவங்க வாயைத் திறந்தா அது எனக்குக் கேக்கணும்.”

மச்சினி சாத்தினாள்.

“கோரம் இருக்கு,” என்று ஆரம்பித்தார்.

“அது யாரு மேடம்?”

“கூட்டம் நடத்த வேண்டிய ஆள் கணக்கும்மா. ரெண்டு டைரக்டர் இருந்தா போதும்.”

நான் சுற்றிலும் பார்த்தேன். சுவரெல்லாம் விற்பனைக்கு மாட்டிய கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நான், ஒரு சகலை. மாநாடே கூடியிருந்தது. அத்தனை நானும் அத்தனை அவரோடும் பேசவில்லை.

“முதல்ல பேங்க் கணக்கு. யாரு முன்மொழியறீங்க?”

நான் மேசையில் ஒரு தட்டு தட்டினேன். சகலையும் ஒரு தட்டு தட்டினார். என் முழங்கால் நிமிரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

“முடிஞ்சது மேடம்,” என்றாள் என் மனைவி.

“என்னம்மா முடிஞ்சது?”

“இவரு தூக்குங்கறாரு. அவரும் தூக்குங்கறாரு.”

“தட்டுனதையெல்லாம் மினிட்ஸ்ல, அதான் கூட்டக் குறிப்புல, எழுத முடியாதும்மா. பேங்க் மேனேஜர் படிச்சா நம்மளப் பேயோட்டுற கோஷ்டின்னு நினைப்பாரு.”

வேறு வழியில்லை. நான் சுவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன். “பேங்க் கணக்கு தொடங்கலாம்னு சுவர்கிட்ட முன்மொழியறேன்.”

“சுவர்கிட்ட சொன்னதை நான் வழிமொழியறேன்,” என்றார் சகலை, கூரையிடம்.

ஆடிட்டரம்மா பெருமூச்சு விட்டு எழுதினார். “அடுத்தது சேர்மன்.”

நான் மெத்தையில் ஒரு தடவை அசைந்து உட்கார்ந்தேன். யாராவது என் பெயரை முன்மொழிந்தால், ‘அய்யோ, நானா?’ என்பது போல முகத்தை வைத்துக்கொள்ள வீட்டில் பழகியிருந்தேன். அந்த முகத்தை எடுத்து மாட்டுவதற்குள் சகலை வாயைத் திறந்தார்.

“சேர்மனா நானே இருக்கேன்.”

“என்னது?” என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இன்னும் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கலாம்.

“நான் இருக்கேன்னேன்.”

“நீ யாருய்யா இருக்குறதுக்கு? கடைக்கு முதல்ல பூட்டு வாங்குனது யாரு?”

“நீங்கதான். சாவியத் தொலைச்சதும் நீங்கதான்.”

“மூத்தவன் நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்ல?”

“மூத்தவருங்கறதாலதான் சொல்றேன். பேசாம இருங்க.”

“பேசாமதானய்யா ஒரு வருஷமா இருந்தேன்! உனக்கென்ன, அடுத்த கல்யாணத்துல நடிச்சுக் காட்ட இன்னொரு வேஷம் வேணும். மூக்குக்கண்ணாடி வேஷம் பழசாயிருச்சு. இப்ப சேர்மன் வேஷம்!”

“அய்யோ சகல, விடுங்க. உங்களுக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது? நாலு மாடி ஆர்டர் வந்ததும் நாற்காலி கேக்குது. இதுகூடப் புரியலேன்னா நான் என்ன முட்டாளா?”

“ஆமா, முட்டாள்தான்!” சகலை ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டார். “நாலு மாடிக் கண்ணாடி. ஒண்ணு விழுந்துச்சுன்னா சேர்மனைத்தான் முதல்ல புடிச்சு உள்ள வைப்பாங்க. உங்களுக்கு முதுகு வலி. தரையில படுத்தா எந்திரிக்கவே ஒரு ஆள் வேணும். உள்ள யாரு தூக்கிவிடுவா? நான்னா கிடைச்ச எடத்துல கிடப்பேன். அதனாலதான் நானே இருக்கேன்னேன். போதுமா?”

சுவர்க் கண்ணாடிகளில் அத்தனை நானும் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

“உள்ள வைப்பாங்கன்னு யாரு சார் சொன்னா?” என்று கேட்டார் ஆடிட்டரம்மா.

“இவதான்,” என்று சகலை தன் மனைவியைக் காட்டினார். “ஏதாவது ஆச்சுன்னா டைரக்டர் நேர்ல போய் நிக்கணுமாம். போறதுல முதல் ஆள் சேர்மன்னு பெயிண்ட் கடைக்காரர் விவரமாச் சொன்னாரு.”

“அவரு கம்பெனி நடத்துறாரா?”

“இல்ல. ஏணி வாடகைக்கு விடுறாரு.”

ஆடிட்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “தெரிஞ்சே ஏமாத்தினாத்தான் சார் அந்தப் பேச்சு. நீங்க ஏமாத்தப் போறீங்களா?”

“சேச்சே!”

“அப்ப சேர்மன்னா கூட்டத்தை நடத்துறவரு, ஓட்டு சமமானா ஒரு ஓட்டு கூடப் போடுறவரு. அவ்வளவுதான். உள்ளயும் வைக்க மாட்டாங்க, வெளியயும் வைக்க மாட்டாங்க.”

“அப்ப ஆபத்து ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணும் இல்ல.”

“அட, அப்ப நீங்களே இருங்க சகல,” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு எதுக்கு?”

எனக்குக் கீழே இருந்த மெத்தை முள்ளாகக் குத்தியது. என்னோடு பேசாத ஒருவன் எனக்குப் பதிலாகக் கம்பி எண்ணத் தயாராக வந்திருக்கிறான். நான் மெத்தை தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் ஓரத்தில் குஞ்சம் வைத்து.

“வேணாம். நீயே இரு,” என்றேன்.

“நீங்க இருங்க சகல.”

“நான்தான் நீ இருன்னு சொல்றேன்ல?”

“மூத்தவரு நீங்க.”

“பூட்டுச் சாவியைத் தொலைச்சவன்யா நான்!”

“சார், சார்,” என்று மேசையைத் தடவினார் ஆடிட்டரம்மா. அவரும் தட்டப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். “இப்ப சேர்மன் யாருங்கறதுல ஓட்டு சமம். அதைத் தீக்க சேர்மன் வேணும். சேர்மன் இல்ல. பீரோ வாசப்படியில மாட்டிக்கிச்சு. பேங்க் மூடப் போகுது.”

எதிரில் சகலையின் முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது. செருப்புக் கடையில் பார்த்த அதே களை. விரலை மடக்கினார். மேசையில் ஒரே ஒரு தட்டு.

என் முழங்கால் நிமிர்ந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“எழுதிக்கங்க மேடம்,” என்றார் சகலை. “என் சகலையை சேர்மனா முன்மொழியறேன். அவரு எந்திரிச்சு நின்னு ஏத்துக்கிட்டாரு.”

ஆடிட்டரம்மா என்னை அண்ணாந்து பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தது மறுக்க முடியாத உண்மை. “ஏத்துக்கிட்டீங்களா சார்? வாயால.”

“ஏத்துக்கிட்டேன்,” என்றேன். “வழிமொழியறேன். என்ன எழவோ, எழுதுங்க.”

அவர் விறுவிறுவென்று எழுதி, வாசித்தும் காட்டினார். “இயக்குநர்கள் கடையின் தொடக்க வரலாறு குறித்துக் கருத்துப் பரிமாறிக்கொண்டனர்.”

“அது பூட்டு,” என்று என் மனைவி தங்கைக்கு விளக்கினாள்.

“இயக்குநர்களின் உடல்நலம் பரிசீலிக்கப்பட்டது.”

“அது முதுகு.”

“விரிவான விவாதத்துக்குப் பின் தலைவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.”

கையெழுத்துப் போட்டோம். ஒரு வருஷத்துச் சண்டை இவ்வளவு மரியாதையான தமிழில் அடங்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் கல்யாண வீட்டுக்கும் ஒரு ஆடிட்டரைக் கூட்டிப்போயிருப்பேன்.

“நேரமாச்சு, நானே பேங்குக்குக் குடுத்துட்டுப் போறேன்,” என்று ஆடிட்டரம்மா பைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். வரும்போது திறந்திருந்த வாசல். காலையில் நான் துடைத்த கதவு. அவர் நேராக நடந்தார்.

டங்!

முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் எந்தப் படுபாவி சிரிக்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். சகலை சிரிக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் “அய்யய்யோ மேடம்!” என்று பாய்ந்துகொண்டிருந்தார்கள். சிரிப்பு என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வாயைப் பொத்தினேன். அது மூக்கு வழியாக வந்தது.

ஆடிட்டரம்மாவை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூக்கு சிவந்திருந்தது, ரத்தம் இல்லை. ஆனால் வட்டக் கண்ணாடி இரண்டாக உடைந்து தரையில் கிடந்தது. அவர் மூக்கில் துணியை அழுத்திப் பிடித்திருந்த சகலை, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“சகல, நீங்க சிரிக்கிறீங்க.”

“இல்லையே.”

“எல்லாக் கண்ணாடியிலயும் தெரியுது.”

நான் குனிந்துகொண்டேன். தோள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் சகலை. “வேணும்னு சிரிக்கிறதில்ல. அதுவா வந்துருது. ஆனா ஒண்ணு, கல்யாணத்துல நடிச்சது வேணும்னு செஞ்சதுதான். அந்த வழுக்குறதை நான் சேத்திருக்கக் கூடாது.”

“வழுக்கலய்யா நான்.”

“வழுக்கல. மோதுன பிறகும் நின்னபடியேதான் இருந்தீங்க. கம்பீரமா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இருவரும் சேர்ந்தே சிரித்தோம். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆடிட்டரம்மா துணிக்குள்ளிருந்து பேசினார். “சிரிங்க, நல்லா சிரிங்க. போன மாசம் வந்து இடிச்சிருந்தேன்னா உங்க ரெண்டு பேர் வீட்டையும் எழுதி வாங்கியிருப்பேன். இப்ப கம்பெனிகிட்டதான் கேக்கணும். கம்பெனிகிட்ட என்ன இருக்கு?”

யோசித்தோம். “ஒரு சர்ட்டிபிகேட் இருக்கு,” என்றார் சகலை. “இப்ப நீங்க உக்காந்திருக்கிற மெத்தையையும் வேணா கம்பெனி பேர்ல எழுதிடுறோம்.”

“எல்லாம் நானே கட்டிக்கொடுத்தது,” என்று அவர் நொந்துகொண்டார். பிறகு அவருக்கும் உதடு ஒரு பக்கமாகப் போனது. “மினிட்ஸை எடுங்க. இன்னும் ரெண்டு தீர்மானம் இருக்கு. ஒண்ணு, எனக்குப் புதுக் கண்ணாடி, கம்பெனி செலவுல. ரெண்டு, இந்தக் கதவுல இன்னைக்கே ஒரு ஸ்டிக்கர். மூக்கு உயரத்துக்கு.”

நான் முன்மொழிந்தேன், சகலை வழிமொழிந்தார். சுவருக்கும் கூரைக்கும் வேலை இல்லை.

மச்சினி ஒரு ஆட்டோவைப் பிடித்து, கண் சரியாகத் தெரியாத ஆடிட்டரம்மாவைக் கைப்பிடித்து பேங்குக்குக் கூட்டிப்போனாள். பேங்க் மூடவில்லை. ஆர்டர் எங்களுக்கே வந்தது. அந்த நாலு மாடியும் இன்று நிற்கிறது, இதுவரை எந்தக் கண்ணாடியும் விழவில்லை. முகப்புக் கதவில் மட்டும் பளிச்சென்று ஒரு பட்டை ஒட்டச் சொல்லி நாங்களே அடம்பிடித்தோம்.

அன்றைக்கு அவர்கள் போன கையோடு சகலை மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இருந்த என்னைக் கதவுப் பக்கம் வரும்படி கையாட்டினார். மூக்கு உயரத்துக்கு அளவு வேண்டுமாம். கடையில் அனுபவப்பட்ட மூக்கு என்னுடையதுதானே! நான் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, குருடன் போலத் தடவித் தடவி நடந்தேன். கதவு எங்கே என்று சத்தியமாகத் தெரியவில்லை, அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தேன். சகலையின் முகம் மட்டும் கிட்டத்தில் தெரிந்தது.

இரண்டு தட்டு கேட்டது. நின்றேன்.

“நில்லுங்க சகல,” என்று அந்தப் பக்கமிருந்து வாயாலும் சொன்னார்.